நிலைக்குறி வண்ணச் சின்னங்கள்

ஒரு காரியம் நலமாக நடக்கிறதா, கவனத்தை வேண்டி நிற்கிறதா, அபாயத்தை எட்டிவிட்டதா என்பதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டங்களால் பார்த்த மாத்திரத்தில் உணர்த்தும் இச்சின்னங்களை, இணையப் பக்கம், பி.டி.எஃப்., எக்செல் ஆகிய வடிவங்கள் அனைத்திலும் ஒரே ரூபத்தில் காட்டுவது சிரமசாத்தியமான காரியமே. யூனிகோடில் சிவப்பு வட்டம் 2010-இலேயே இடம்பெற, பச்சையும் மஞ்சளும் 2019 வரை காத்திருக்க நேர்ந்தமையால், பழைய எழுத்துருக்களை நம்பிய அறிக்கைகளில் அவ்விரண்டும் வெறும் கட்டங்களாக விகாரப்படுவதுண்டு. ஆகவே, நிறமற்ற சாதாரண வட்டக் குறியை எடுத்து, வேண்டிய வண்ணத்தை அந்தந்த வடிவத்தின் நியமப்படி அதற்கு ஏற்றுவதே உத்தமமான உபாயம். எக்செலில் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் உள்ள சின்னத் தொகுதிகள் அழகியவையேனும், அந்த மென்பொருளுக்கே உரியவை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்களும், கறுப்பு வெள்ளையில் மட்டும் அச்சிடும் யந்திரங்களும் உள்ளனவாகையால், சின்னத்தின் அருகே நிலையைச் சொல்லாலும் எழுதிவைத்தல் அவசியம்.