நோன்பு விடுமுறையும் நான்கு சைக்கிள்களும்



தராவீஹ் முடிந்த கையோடு நான்கு வாத்திமார் சைக்கிளில் எங்கே போகிறார்கள் என்று இந்த நோன்பில் ஊரில் பலர் கேட்டுவிட்டார்கள். "சேர், திரும்பவும் பெற்றோல் இல்லையா?" என்று ஒரு நானா பயந்தே போனார். பதில் கொஞ்சம் நீளம் என்பதால் எழுதியே விடுகிறோம்.

நாங்கள் நால்வரும் ஆசிரியர் கலாசாலையில் ஒரே அறையில் இருந்தவர்கள். பெருநாளுக்குப் பின் வரும் நீண்ட வார விடுமுறையில் புத்தளத்திலிருந்து மன்னார் மாவட்டத்துச் சிலாவத்துறைக்குச் சைக்கிளில் போகிறோம். அநுராதபுரம், மதவாச்சி, செட்டிகுளம், முருங்கன் வழியாக ஏறத்தாழ 200 கிலோமீற்றர், மூன்று நாட்கள். சேரும் பணத்தில் முசலிப் பக்கம் தூரம் நடந்து பாடசாலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுப்பதுதான் நோக்கம். ஏன் சைக்கிள், ஏன் முசலி என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

1817இல் ஜேர்மனியில் கார்ல் டிரைஸ் என்பவர் ஓட்டிக் காட்டிய இரு சக்கர வண்டிக்குப் பெடல் கிடையாது. காலால் நிலத்தை உதைத்துத்தான் ஓட வேண்டும். இன்று நாம் ஓடும் சைக்கிளின் உருவம் 1885இல் இங்கிலாந்தில் ஜோன் ஸ்டார்லி செய்த 'ரோவர்' சைக்கிளோடு வந்தது. பின் சக்கரத்தைச் செயின் சுற்றும் முறை அதில் இருந்தது. 1888இல் பெல்பாஸ்ற்றில் மிருக வைத்தியர் டன்லொப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு உலகத்துக்கு இறப்பர் போதவில்லை. அந்த இறப்பர் மரம் 1876இலேயே நம் நாட்டுக்கு வந்து, கம்பஹாவில் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டிருந்தது. சைக்கிளின் கதையில் நம் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு.

இனி நம் கதை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 பேர் சில நாட்களுக்குள் ஊரை விட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் சில மணித்தியாலங்கள்தான். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகில் கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். பெரும்பாலானோருக்குப் புத்தளம் மாவட்டம் இடம் கொடுத்தது.

எங்களில் ஒருவரின் வாப்பா முசலியிலிருந்து காட்டுப் பாதையால் வந்தவர். கையில் ஒரு பழைய சைக்கிள். கரியரில் அரிசி மூட்டை, பாரில் மூன்று வயது மகள். பக்கத்தில் உம்மா, வயிற்றில் எங்கள் நண்பர். "சைக்கிள்ல வந்தேன்னு சொல்லாதீங்க. ஒரு இடத்திலயும் ஏறி ஓடல்ல. தள்ளிக்கிட்டுத்தான் வந்தேன்" என்பார். முகாமில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்துக்காக அந்தச் சைக்கிளை விற்றுவிட்டார். அதன் பிறகு அவர் சொந்தமாகச் சைக்கிள் வாங்கவில்லை.

வடக்கில் எஞ்சியிருந்த தமிழ் மக்களின் பாடும் இலேசாக இருக்கவில்லை. பொருளாதாரத் தடையால் எரிபொருள் போகவில்லை. நோயாளியையும் விறகையும் பிள்ளைகளையும் சுமந்தது சைக்கிள்தான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். ஒரே யுத்தத்தில் அங்கும் இங்கும் இருந்த ஏழைகளுக்கு ஒரே வாகனம்.

2022இல் நாமும் கண்டோம். அந்த ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்றானபோது, மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளை எத்தனை வீட்டில் துடைத்து எடுத்தோம்!

பயிற்சிக்கு வருவோம். மற்றப் பாடசாலைகளுக்கு இல்லாத நோன்பு விடுமுறை நமக்கு இருப்பதால் அதைப் பயன்படுத்தினோம். பகலில் தாகத்தோடு நீண்ட தூரம் ஓடுவது உடம்புக்குக் கேடு. அதனால் நோன்புக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் தண்ணீரும் உள்ளே போய், தராவீஹும் முடிந்த பிறகே ஓட்டம். முதல் இரவு பாலாவிச் சந்தி வரை போய்வந்ததற்கே ஒருவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. சீற்றைப் பதிவாக வைத்திருந்ததுதான் பிழை. பெடல் கீழே இருக்கும்போது குதிக்காலை வைத்தால் கால் நேராக வர வேண்டும். அப்படி உயர்த்தியதும் வலி குறைந்தது. வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நுரைச்சோலை வரை போனோம். கடைசிப் பத்தில் இரவோட்டத்தை நிறுத்திவிட்டோம். அந்த இரவுகள் வேறு வேலைக்கு உரியவை.

ஓர் இரவு ஒரு காரியம் செய்து பார்த்தோம். கரியரில் 20 கிலோ அரிசியைக் கட்டி, ஏறாமல், உப்பளப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு நடந்தோம். ஹேண்டில் ஒரு பக்கம் இழுத்தது. பெடல் கணுக்காலில் அடித்தது. ஒரு மணித்தியாலத்தில் நால்வரும் மாறி மாறித் தள்ளியும் கை ஓய்ந்துவிட்டது. எங்களுக்குப் பாரில் பிள்ளை இல்லை. பின்னால் பயமும் இல்லை. நண்பர் அன்று வீடு வரை ஒன்றும் பேசவில்லை.

யுத்தம் முடிந்த பின் முசலிக்குத் திரும்பியவர்களை வரவேற்றது காடு ஏறிய வளவுகள். இன்று அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் சிலர் பாடசாலைக்கு வந்து சேரும்போதே களைத்துவிடுகிறார்கள். களைத்த பிள்ளைக்கு முதலாம் பாடம் ஏறாது என்பது வாத்திமாருக்குத் தெரியும்.

நாங்கள் செய்வது புதிதும் அல்ல, பெரிதும் அல்ல. 2011இல் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காகத் தெற்கே தெவுந்தரையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்தே போனார்கள். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அதில் சேர்ந்து நடந்தார்கள். அவர்களுக்கு முன் எங்கள் 200 கிலோமீற்றர் சின்னது.

பணம் தரக்கூடியவர்கள் தாருங்கள். ஓடாமல் கிடக்கும் சைக்கிள் இருந்தால் அதையும் தாருங்கள், திருத்திக்கொள்கிறோம். ஒன்றும் இயலாதவர்கள் துஆச் செய்யுங்கள். வீட்டில் 1990இல் வந்த மூத்தவர்கள் இருந்தால், எதில் வந்தீர்கள், எதைக் கொண்டு வந்தீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் மௌத்தான பிறகு கேட்க ஆள் இருக்காது.

நேற்று வாப்பாவிடம் பயணம் சொல்லப் போனோம். நான்கு சைக்கிளின் டயரையும் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மகன், முசலிக்கு வெளிச்சத்தோட போய்ச் சேருங்க. நாங்க இருட்டுலதான் வெளிக்கிட்டோம்."