படியும் கைப்பிடியும்



ஒரு கல்லூரியில் இரண்டாண்டு பயின்று, பின்னர்ப் பல்கலைக்கழகமொன்றின் மூன்றாம் ஆண்டில் சேர்ந்து பட்டம் பெறுவது நமக்கு அதிகம் பழக்கமில்லாத வழி. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்திலோ அது கல்வியமைப்பின் தூண்களுள் ஒன்று. அவ்வாறு கல்லூரி மாறும் மாணவருக்கு அரசு பொருளுதவி செய்யலான வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

உயர்நிலைப் பள்ளிகளே பள்ளிப் படிப்புக்கு மேற்பட்ட பாடங்களையும் கற்பிக்கலாம் என்று 1907-இல் அம்மாநிலம் சட்டம் இயற்றிற்று. 1910-இல் பிரெஸ்னோ நகரில் அவ்வகைக் கல்லூரி தோன்றியது. தொலைவிலுள்ள பல்கலைக்கழகத்துக்குச் செல்ல வசதியற்ற பிள்ளைகள் வீட்டிலிருந்தவாறே முதல் இரண்டாண்டுப் பாடங்களைக் கற்கலாயினர். இவையே பிற்காலத்தில் சமுதாயக் கல்லூரிகள் எனப் பெயர் பெற்றன.

1960-இல் உயர்கல்விக்கென ஒரு பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. அதனை உருவாக்கியோருள் முதன்மையானவர், அன்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத் தலைவராயிருந்த கிளார்க் கெர். பள்ளியிறுதி மாணவருள் முதல் எட்டில் ஒரு பங்கினர் அப்பல்கலைக்கழகத்திற் சேரலாம்; முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளிற் சேரலாம்; சமுதாயக் கல்லூரியின் கதவோ அனைவருக்கும் திறந்திருக்கும். அங்கே நன்கு பயின்றோர் மேல் வகுப்புக்கு மாறிச் செல்லலாம். பள்ளியில் பின்தங்கியவனுக்கும் மேலேறப் படி அமைத்தது இத்திட்டம்.

ஆனால், படி இருந்தால் மட்டும் போதுமா? ஏறுவதற்குக் கைப்பிடியும் வேண்டுமன்றோ! சமுதாயக் கல்லூரிகளில் 1984 வரை மாநிலத்தவருக்குக் கல்விக் கட்டணம் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு மாறியதும் கட்டணம், விடுதி, உணவு, நூல்கள் எனச் செலவு பெருகும். ஏழை மாணவன் கால் தடுமாறும் இடம் அதுவே.

அரசு உதவாமலில்லை. 1955-இலேயே மாநில உபகாரச் சம்பளம் ஏற்பட்டிருந்தது. 1968-இல் வறிய குடும்பத்து மாணவருக்கென வேறொரு திட்டமும் வந்தது. எனினும் உபகாரச் சம்பளங்களின் எண்ணிக்கை வரையறைக்குட்பட்டது. போட்டியில் வென்றவர்க்கே அவை கிட்டின. தகுதியிருந்தும் வெறுங்கையுடன் நின்றோர் பலர்.

2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமே பெரிய திருப்பம். அவ்வாண்டு ஜூன் மாதத்துக்குப் பின் அம்மாநில உயர்நிலைப் பள்ளியில் தேறி, சமுதாயக் கல்லூரியில் 4-க்கு 2.4 என்னும் சராசரி மதிப்பெண் பெற்று, குடும்ப வருமானமும் வரம்புக்குள் அமைந்தால், நான்காண்டுக் கல்லூரிக்கு மாறும் மாணவருக்கு உதவி வழங்கியே ஆகவேண்டும் என்று அது விதித்தது. பரிசாக இருந்தது உரிமையாயிற்று. நான் இதனை ஒரு சொல் மாற்றமாக மட்டும் கருதவில்லை. பரிசு சிலரைத் தேர்ந்தெடுத்துப் பாராட்டும். உரிமையோ தகுதியுடைய எவரையும் கைவிடாது.

எனினும் ஒரு குறை எஞ்சியது. வயது வரம்பு அது. பிற்காலத்தில் அவ்வரம்பு 28 ஆக இருந்தது. குடும்பத்தைக் காக்க வேலைக்குச் சென்று, ஆண்டுகள் கழித்துப் படிக்க வந்தவர் மீண்டும் போட்டிக்கே தள்ளப்பட்டனர். அச்சட்டம் தொடக்கத்தில் போட்டிக்கென ஒதுக்கிய உதவிகள் ஆண்டுக்கு 22,500 மட்டுமே. அவற்றுள் பாதி சமுதாயக் கல்லூரி மாணவருக்கு உரியவை.

2021-இல் இத்தடையும் நீங்கியது. சமுதாயக் கல்லூரி மாணவருக்கு வயது வரம்பும், பள்ளிப் படிப்பு முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குள் என்னும் கட்டுப்பாடும் அகற்றப்பட்டன.

படியைக் கட்டிய 1960-க்கும் இந்த 2021-க்கும் இடையே அறுபத்தோராண்டுகள் சென்றன. வழி திறப்பது ஒரு கடமை. வழிச்செலவு தருவது மற்றொரு கடமை. முன்னதை நிறைவேற்றிய அரசு பின்னதைத் தாழ்த்தினால், இடைக்காலத்துத் தலைமுறைகள் படியின் அடியிலேயே நின்றுவிடுகின்றன. நாளை நீங்கள் சட்டம் இயற்றும் இடத்தில் அமர நேர்ந்தால், இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணுங்கள்.