இரண்டேகால் மடங்கு வெளிச்சத்தின் விலை

கல்முனையிலும் அதனை அண்டிய சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் ஆகிய ஊர்களிலும் கல்யாண வீடுகளில் படம் பிடிக்கும் இளைஞர்கள், நான் பத்திரிகைக்காரன் என்ற ஒரே காரணத்தினால், அடிக்கடி என்னிடம் ஒரு கேள்வியைக் கேட்கின்றனர். கமராவோடு கிடைத்த ஸூம் லென்ஸை வைத்து இரண்டு மூன்று வருடங்கள் சமாளித்தாயிற்று. அடுத்ததாக ஒரு 50 மி.மீ. லென்ஸ் வாங்க வேண்டும். மலிவானதா, விலை கூடியதா? கேட்பதற்குச் சிறிய கேள்விதான். ஆனால் 2022ஆம் ஆண்டில் சில வாரங்களுக்குள் டொலரின் பெறுமதி 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய நாடு இது. தீர்மானம் பிழைத்தால் ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் முடங்கிவிடும்.

குவியத்தூரம் மாறாத லென்ஸைத்தான் 'பிரைம்' என்கிறோம். கெனன் நிறுவனத்தின் புதிய வரிசையில் இத்தகைய 50 மி.மீ. லென்ஸ்கள் இரண்டை ஒப்பிட்டுப் பார்ப்போம். 2018இல் வந்த எஃப் 1.2 லென்ஸின் அறிமுக விலை அமெரிக்காவில் 2,299 டொலர். எடை 950 கிராம். 2020இல் வந்த எஃப் 1.8 லென்ஸ் 199 டொலர், 160 கிராம். விலையில் வித்தியாசம் பதினொன்றரை மடங்கு. உள்ளே நுழையும் வெளிச்சத்தில் வித்தியாசம் இரண்டேகால் மடங்கு மட்டுமே. (1.8ஐ 1.2ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் இந்தக் கணக்கு வரும்.) இந்த இரண்டேகால் மடங்குக்காக மனிதர்கள் எவ்வளவு செலவழித்திருக்கிறார்கள், அது யாருக்குப் பயன்பட்டது என்பது நூற்றைம்பது வருடத்துக் கதை.

தொடக்கத்தில் எல்லா லென்ஸ்களும் பிரைம்தான். கையடக்கக் கமராவுக்கான முதலாவது ஸூம் லென்ஸை ஜேர்மனியின் வொய்க்லெண்டர் நிறுவனம் 1959இல்தான் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னர், 1863இல், ஜூலியா மார்கரெட் கமரோன் என்ற ஆங்கிலேயச் சீமாட்டிக்கு அவருடைய மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தனர். அப்போது அவருக்கு வயது 48. அந்தக் கமராவின் பிரெஞ்சு லென்ஸில் முகத்தின் நடுப்பகுதி தெளியும், ஓரங்கள் கலங்கும். குவியம் வைக்கத் தெரியாதவர் என்று விமர்சகர்கள் ஏளனம் செய்தார்கள். பின்னர் அவர் 30 அங்குலக் குவியத்தூரம் கொண்ட டால்மேயர் லென்ஸ் ஒன்றைப் பெற்றுக்கொண்டார். படங்களில் முகங்கள் பெரிதாகின. ஆனால் அந்த மென்மையான கலங்கலை அவர் கைவிடவேயில்லை. 1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்த அவர், இங்குள்ள சாதாரண மக்களையும் படம் பிடித்தார். 1879இல் காலமாகி, பொகவந்தலாவையில் அடங்கியிருக்கிறார். கலங்கல் ஒரு குறையா, அழகா என்ற தர்க்கத்தின் ஒரு கரை நமது மலையகத்திலேயே கிடக்கிறது எனலாம். அந்தத் தர்க்கம் பின்னால் மீண்டும் வரும்.

இன்று 'ஐம்பது' என்று நாம் அழைக்கும் லென்ஸின் மூதாதை 1896இல் பிறந்தது. ஸைஸ் நிறுவனத்தின் பவுல் ருடோல்ஃப், ஆறு கண்ணாடிகளைச் சமச்சீராக அடுக்கி 'பிளானர்' என்ற லென்ஸை அமைத்தார். கணிதத்தில் குறை காண முடியாத அமைப்பு. நடைமுறையில் ஒரு சிக்கல். கண்ணாடி காற்றைச் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் வெளிச்சத்தின் ஒரு பகுதி திரும்பித் தெறிக்கும். பரப்புகள் கூடக் கூடப் படம் வெளிறும். எனவே அதே ருடோல்ஃப் 1902இல் நான்கே கண்ணாடிகளால் ஆக்கிய 'டெஸ்ஸார்' முந்திக்கொண்டது. 1925இல் லைக்கா கமரா வெளிவந்தபோதும் அதில் ஐந்து கண்ணாடி லென்ஸைத்தான் பொருத்தினார்கள். 1935இல் ஸைஸின் அலெக்சாண்டர் ஸ்மக்குலா, தெறிப்பைத் தடுக்கும் மெல்லிய பூச்சைக் கண்டுபிடித்த பின்னரே பிளானர் வம்சத்திற்கு விமோசனம் கிடைத்தது. விலை கூடிய அமைப்பு ஒன்று, எளிய அமைப்பின் பின்னால் நாற்பது வருடங்கள் காத்துக்கிடந்தது என்பதை நமது இளைஞர்கள் கவனிக்க வேண்டும். இன்னொன்றையும் கவனிக்கலாம். 199 டொலருக்கு அறிமுகமான அந்த லென்ஸுக்குள் இருப்பவை ஆறு கண்ணாடிகளே. பிளானரின் நேர் வாரிசு அதுதான். 2,299 டொலர் லென்ஸில் பதினைந்து கண்ணாடிகள்!

நமது நாட்டில் லைக்காவைக் கலையாக்கியவர் கொழும்பின் லயனல் வென்ற். பியானோக் கலைஞர், வசதி படைத்தவர். விலை பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. 1938இல் அவருடைய படங்கள் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவரை விட்டு மேலே செல்வோம்.

விலையும் தரமும் ஒன்றல்ல என்பதைப் பத்திரிகை உலகம் 1950இல்தான் உணர்ந்தது. 'லைஃப்' சஞ்சிகையின் டேவிட் டக்ளஸ் டங்கன் அப்போது டோக்கியோவில் இருந்தார். ஜூன் மிக்கி என்ற ஜப்பானியப் புகைப்படக்காரர், 85 மி.மீ. நிக்கோர் லென்ஸால் அவரைப் படமெடுத்துக் காட்டினார். அன்று 'ஜப்பான் சாமான்' என்றால் மலிவுப் போலி என்றே பொருள். (நமது ஊர்க் கடைகளிலும் நெடுநாள் அப்படித்தான்.) படத்தின் கூர்மையைக் கண்டு வியந்த டங்கன், லென்ஸ் தயாரித்த தொழிற்சாலைக்கே சென்று தமது ஜேர்மன் லென்ஸ்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார், நிக்கோர்களை வாங்கித் தமது லைக்காவில் பொருத்திக்கொண்டு போர்முனைக்குப் போனார். அவ்வாண்டு டிசம்பரில் 'நியூயோர்க் டைம்ஸ்' இதை எழுதியது. அந்த நிக்கோரின் அமைப்பும் ஸைஸிடமிருந்து கற்றதே என்பது வேறு கதை.

சோவியத் ஒன்றியமும் ஸைஸிடமே கற்றது. ஸெனித் கமராவோடு வந்த 58 மி.மீ. 'ஹீலியோஸ்' லென்ஸ், ஸைஸ் 'பயோட்டா'ரின் பிரதி. 1970 முதல் 1977 வரை சிறிமாவோ அரசு இறக்குமதியை இறுக்கி வைத்திருந்த காலத்தில், லைக்காவும் நிக்கோனும் நமக்குப் பத்திரிகை விளம்பரங்களே. சோஷலிச நாடுகளின் கமராக்கள் ஏழை நாடுகளெங்கும் பரவிய காலமும் அதுவே. எனக்குத் தெரிந்த மூத்தவர்கள் சிலரின் தோளிலும் ஸெனித் தொங்கியது. செங்கல்லைப் போலக் கனக்கும். ஆனால் ஸெனித்-ஈ வகைக்குப் பெற்றரி தேவையில்லை. அதன் ஒளிமானி வெயிலிலேயே இயங்கும். மின்சாரமும் கடைகளும் நிச்சயமில்லாத ஊர்களில் இதன் அருமையை விவரிக்கத் தேவையில்லை.

அதே சமயம் 1972இல் தேசிய அடையாள அட்டை வந்தது. சிறு நகரங்களின் ஸ்டூடியோக்களுக்கு அது நிரந்தர வருமானம். யுத்த காலத்தில் அட்டையில்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது என்ற நிலை வந்தபோது, ஸ்டூடியோ பல வீடுகளுக்கு அவசிய சேவையாகவே ஆகிவிட்டது. இந்தப் படங்களுக்கு எந்த லென்ஸ் வேண்டும்? ஸ்டூடியோவில் விளக்கு உண்டு, முகம் அசையாது, துவாரத்தை எஃப் 8க்குச் சுருக்கலாம். எஃப் 8இல் எடுத்த அட்டைப் படத்தைப் பார்த்து, எது மலிவு லென்ஸ், எது விலை லென்ஸ் என்று கண்டுபிடிப்பவர் இருந்தால் அவருக்கு நானே ஒரு லென்ஸ் வாங்கிக் கொடுப்பேன்.

இரண்டேகால் மடங்கு வெளிச்சம் உண்மையாகவே தேவைப்பட்டது வேறிடத்தில். கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்ற விழாவை இரவில் படமெடுப்பதாயின், 400 வேக பிலிமும் எஃப் 1.8 லென்ஸும் ஒரு செக்கனில் 30இல் ஒரு பங்கு நேரத்தைக் கேட்கும் இடத்தில், எஃப் 1.2 லென்ஸுக்கு 60இல் ஒரு பங்கு போதும். நடக்கும் மனிதனின் முகம் முகமாக விழுவதும் கறையாக விழுவதும் அந்த இடைவெளியில்தான். பிலிம் காலத்துப் பத்திரிகைக்காரன் விலை கூடிய லென்ஸுக்கு ஏங்கியதில் நியாயம் இருந்தது. இன்றைய டிஜிட்டல் கமரா 6400 வேகத்தையும் தாங்குவதால் அந்த நியாயம் பெரும்பாலும் தேய்ந்துவிட்டது.

ஆகவே விற்பவர்கள் இன்று வெளிச்சத்தைச் சொல்லி விற்பதில்லை. கலங்கலைச் சொல்லி விற்கிறார்கள். கமரோன் அம்மையாருக்கு ஏச்சு வாங்கித் தந்த அதே கலங்கல்! ஒன்றரை மீற்றர் தூரத்தில் எஃப் 1.2இல் தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் ஆறு சென்ரிமீற்றர். மணமகளின் கண் தெளியும். தோளுக்குப் பின்னால் நிற்கும் உம்மா வெறும் நிறமாகக் கரைந்துபோவார்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அம்பாறைக் கரையில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. வீடுகளோடு அல்பங்களும் போயின. தப்பியவர்கள் உள்ளூர்ப் பக்கம் வாழும் உறவினரின் கல்யாண அல்பங்களைப் புரட்டினார்கள். அவர்கள் தேடியது மணமக்களை அல்ல; பின்வரிசையில், தட்டோடு நின்ற வாப்பாவை, வாசற்படியில் உட்கார்ந்திருந்த பிள்ளையை, ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட மாமியை. அந்தப் படங்கள் ஃபிளாஷ் வெளிச்சத்தில், சுருங்கிய துவாரத்தில், சாதாரண லென்ஸ்களால் எடுக்கப்பட்டவை. கலை என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பின்வரிசை தெளிவாக இருந்தது. அந்த முகங்களை வெட்டிப் பெருப்பித்துச் சட்டம் போட்டு இன்றும் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.

விலை லென்ஸுக்கு ஒரு நியாயம் எஞ்சியிருப்பதை மறைக்கக்கூடாது. அதன் உடல் ஈரத்தையும் தூசையும் தடுக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது; மலிவு லென்ஸுக்கு அந்தப் பாதுகாப்பில்லை. வாடைக்கால மழையும் உப்புக் காற்றும் உள்ள கரையில் இது சிறிய விடயமல்ல. ஆயினும் அலுமாரியில் பூட்டி வைத்தால் பூஞ்சணம் விலை பார்த்து வளர்வதில்லை. மலிவு லென்ஸ் பழுதானால் இன்னொன்று வாங்கலாம். மற்றையது பழுதானால் கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

தம்பிமார் எஃப் 1.8ஐயே வாங்கட்டும். கூட்டத்தைப் படம் பிடிக்கும்போது எஃப் 5.6க்குச் சுருக்கட்டும். மிஞ்சும் காசில் நல்லதொரு ஃபிளாஷும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு காற்றுப் புகாத பெட்டியொன்றும், படங்களைப் பிரதி செய்து வைக்க இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளும் வாங்கலாம். அவற்றில் ஒன்றையாவது கடற்கரையோரத்து வீட்டில் வைக்காமல் சம்மாந்துறைப் பக்கம் உறவினர் எவருடைய வீட்டிலாவது கொடுத்து வையுங்கள்.