ஒரு பரப்புக் காணிக்குப் பக்கம் எத்தனை அடி?

யாழ்ப்பாணத்தில் காணி உறுதியை விரித்தால் பரப்பும் குழியுமே கண்ணிற்படும். 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பென்பது 10 பேர்ச், அதாவது 2,722.5 சதுர அடி. இவ்வளவும் ஊரில் பலருக்கு மனப்பாடம். அந்த ஒரு பரப்பு சரிசதுரமாயிருந்தால் பக்கம் எத்தனை அடி என்று கேட்டாலோ, படித்தவர்களும் கைபேசியைத் தேடுவார்கள். வர்க்கமூலம் என்பது இந்தக் கேள்விதான். பாடநூல் அதைக் குறியீட்டிலிருந்து தொடங்குவதால்தான் மாணவருக்கு அது கசக்கிறது என்பது என் எண்ணம். காணியிலிருந்து தொடங்கலாமே!

52 அடிப் பக்கமுள்ள சதுரம் 2,704 சதுர அடி கொள்ளும். மிச்சம் 18.5. அதைச் சதுரத்தின் கிழக்கிலும் தெற்கிலும் இரண்டு ஒடுங்கிய கீலங்களாக ஒட்டுவோம். ஒவ்வொன்றும் 52 அடி நீளம், இரண்டும் சேர்ந்து 104. மிச்சத்தை 104ஆல் வகுத்தால் அகலம் 0.178 அடி, இரண்டங்குலத்துக்குச் சற்றுக் கூட. மூலையில் விடுபடும் குட்டிச் சதுரத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆக, பக்கம் 52.18 அடி. ஆரியபட்டர் 499ஆம் ஆண்டளவில் சொன்ன வர்க்கமூல முறையிலும், கண்ட மூலத்தை இரட்டித்து வகுப்பது இந்த இரு கீலங்களுக்காகத்தான். வட்டுக்கோட்டை செமினரியில் கற்ற கறல் விசுவநாதபிள்ளை 1855இலேயே 'வீசகணிதம்' என்று தமிழில் நூல் தந்த மண்ணில் இதைத் தமிழில் விளக்கத் தயங்கவேண்டியதில்லை.

பக்கம் இரட்டித்தால் காணியும் இரட்டிக்கும் என்பது பொதுவான மயக்கம். 104.36 அடிப் பக்கத்தில் அடங்குவது நான்கு பரப்பு. இரண்டு பரப்புச் சதுரம் வேண்டுமென்றால் ஒரு பரப்புச் சதுரத்தின் மூலைவிட்டத்தையே, ஏறக்குறைய 73.8 அடியை, பக்கமாக எடுக்கவேண்டும். வேள்விமேடை அளந்த போதாயனரின் சுல்ப சூத்திரம் சொல்வதும் அதுவே.

வேலிக் கணக்கில் இது பணமாகிறது. நான்கு பரப்புச் சதுர வளவுக்குச் சுற்றுவேலி 417 அடி. நான்கு பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு பரப்பாகப் பிரித்தால் குறுக்கும் நெடுக்குமாக இன்னும் 209 அடி, மொத்தம் ஒன்றரை மடங்கு. ஓர் ஏக்கர்ச் சதுரத்தை 16 துண்டாக்கினால் சுற்றுவேலி 835 அடி, உள்வேலி மட்டும் 1,252 அடி. நடுவில் அகப்படும் நான்கு துண்டுகளுக்கும் ஒழுங்கை விடவேண்டும், அதற்குப் போகும் நிலத்தை இன்னும் கழிக்கவில்லை.