இடிந்தகரைப் போராட்டத்தின் செலவுக் கணக்கு



2012 பிப்ரவரி இறுதியில் சென்னைக்கு மின்வெட்டு ஒரு மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரமானது. மற்ற மாவட்டங்களில் எட்டு மணி நேரத்துக்கும் மேல். அந்த நாட்களில் தாம்பரம் ரயில் நிலைய வாசலில் கூடங்குளம் மக்களுக்காகத் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தோம். தையல் வேலை முடித்துத் திரும்பிய ஓர் அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, "மோட்டார் ஓடலன்னா எனக்குக் கூலி இல்ல தம்பி. அவங்க போராட்டத்துக்கு நான் ஏன் காசு கட்டணும்?" என்றார். நாங்கள் கதிர்வீச்சைப் பற்றிப் பேசினோம். அவர் கேட்டது அதை அல்ல.

அந்தக் கேள்வியை அம்பேத்கரிடம் கொண்டுபோகலாம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறையோடு மின்சாரத்தையும் கவனித்தவர் அவர். மின்சாரம் வேண்டாம் என்பவர் அல்ல. மகத் குளத்துக்கு 1927இல் ஊர்வலம் போன அதே மனிதர், 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில், அரசியல் சட்ட வழி திறந்திருக்கும்போது சத்தியாகிரகத்தையும் ஒத்துழையாமையையும் கைவிட வேண்டும் என்றார். இந்தப் பேச்சை நம் மீது வீசுபவர்கள் அதிலுள்ள நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். வழி திறந்திருக்க வேண்டும்.

கூடங்குளத்தில் திறந்திருந்ததா? ஒப்பந்தம் 1988இல். முதல் இரண்டு உலைகளுக்கான சுற்றுச்சூழல் அனுமதி 1989இல், மக்கள் கருத்துக்கேட்பு இல்லாமலே. அதே ஆண்டு மே 1 அன்று கன்னியாகுமரியில் திரண்ட மீனவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஃபுகுஷிமாவுக்குப் பிறகு, 2011 செப்டம்பரில், 127 பேர் இடிந்தகரையில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள்.

உண்ணாவிரதம் என்றாலே நமக்கு எரவாடா நினைவுக்கு வரும். வர வேண்டும். 1932இல் காந்தி பட்டினி கிடந்தார். இழந்தது நம் தனி வாக்காளர் தொகுதி. தன் உடலை வருத்தி இன்னொருவரின் உரிமையை விலையாகக் கேட்பதும் வன்முறைதான். இடிந்தகரையில் பட்டினி கிடந்தவர்கள் தங்கள் கடலைத்தான் கேட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல.

ஆனால் அக்டோபரில் ஆலைக்குப் போகும் சாலைகள் மறிக்கப்பட்டபோது, ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலைக்குப் போக முடியவில்லை. மாதச் சம்பளப் பொறியாளருக்கு அது விடுமுறை மாதிரி. தினக்கூலிக்கு அடுப்பு அணைந்தது. அதைப் பற்றி எங்கள் துண்டறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. எழுதினால் எதிரிக்கு உதவும் என்று நினைத்தோம். தவறு எங்களுடையது.

மின்வெட்டுப் பழி வேறு விஷயம். 2,000 மெகாவாட்டில் தமிழ்நாட்டின் பங்கு 925. ஓர் உலைக்குச் சுமார் 460. அன்றைய பற்றாக்குறையோ 4,000 அளவில் சொல்லப்பட்டது. முதல் உலை முழுவீச்சில் ஓடியிருந்தாலும் சுமார் ஒன்பதில் ஒரு பங்குதான் அடைபட்டிருக்கும். அந்த அக்காவிடம் நாங்கள் சொல்லியிருக்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

மார்ச் 19 அன்று மாநில அமைச்சரவை ஆலைக்குப் பச்சைக்கொடி காட்டியது. 144 தடை உத்தரவு வந்தது. செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் தடியடி, கண்ணீர்ப்புகை. அன்றே மணப்பாட்டில் ஒரு மீனவர் போலீஸ் குண்டுக்குப் பலியானார். ஆயிரக்கணக்கானவர்கள் மீது தேசத்துரோக வழக்கு. 2013 மே 6 அன்று ஆலைக்கு அனுமதி தந்த உச்ச நீதிமன்றம், வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்றும் சொன்னது. அக்டோபரில் உலை மின்கட்டமைப்பில் இணைந்துவிட்டது. வழக்குகள் அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் நீண்டன. வெளிநாட்டு வேலைக்குப் போக நினைத்த இளைஞர்கள் பாஸ்போர்ட்டுக்காக அலைந்தார்கள்.