ஆணி இல்லாத படகும் வாய்ச்சியும்

ஆணியே அடிக்காமல் கடலோடும் படகு கட்ட முடியுமா? "அதெப்படிங்க முடியும்?" என்றுதான் நம்மில் பலர் கேட்போம். ஆனால், நம் மலேசிய மண்ணிலேயே அப்படியொரு படகின் மிச்சம் கிடைத்திருக்கிறது.

1926ஆம் ஆண்டில் பஹாங் மாநிலத்தின் தென்கோடியிலுள்ள பொந்தியானில் அது அகப்பட்டது. (ஜொகூர்ப் பொந்தியான் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஐ. எச். என். எவன்ஸ் என்னும் ஆய்வாளர் அதைப் பற்றி எழுதினார். பின்னாளில் மரத்தைச் சோதித்தபோது, கி.பி. 3 முதல் 5ஆம் நூற்றாண்டுக்குள் கட்டியது என்று தெரிந்தது. மலாக்கா பட்டணம் எழுவதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியது!

அதன் பலகைகளை மரமுளைகளால் இணைத்து, ஈஜோக் நாரால் தைத்திருந்தார்கள். துணி தைப்பது போலத்தான். இன்னொரு வேலைப்பாடும் உண்டு. பலகையின் உட்புறத்தில் ஆங்காங்கே குமிழ் போன்ற மேடுகள் இருந்தன. அவை தனியே செய்து ஒட்டியவை அல்ல. பலகையைச் செதுக்கும்போதே விட்டு வைத்தவை. அவற்றில் துளையிட்டு, கயிறு கோத்து, படகின் விலாச்சட்டங்களோடு இறுக்கிக் கட்டுவார்கள்.

இங்கேதான் ஆயுதத்தின் கதை வருகிறது. இரம்பத்தால் அறுத்தால் பலகை வழவழவென்று தட்டையாகத்தான் வரும், குமிழ் நிற்காது. கனத்த மரத்தைப் பிளந்து, வாய்ச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி எடுத்தால்தான் வேண்டிய இடத்தில் மேட்டை விடலாம். பலகையாக மிஞ்சுவதைவிடச் செதுக்கிக் கழிக்கும் மரமே அதிகம். எத்தனை நாள் கை வலித்திருக்குமோ!

இரும்பு வருமுன் வாய்ச்சியும் கல்தான். கிளந்தானில் குவா சா குகையில் தீட்டி மெருகேற்றிய கல் ஆயுதங்கள் கிடைத்துள்ளன. கோடரிக்கு இருபுறமும் சரிவு. வாய்ச்சிக்கு ஒரு புறம் மட்டுமே. அதனால்தான் அது வெட்டாமல் சீவுகிறது. மரத்தைக் குடைய நெருப்பும் கைகொடுத்தது: தீயிட்டுக் கரியாக்கி, கரியைக் கல்லால் சுரண்டி எடுத்தால் ஓடம்.

இந்தக் கற்கள் வயலிலும் ஆற்றோரத்திலும் அகப்படும்போது, கிராமத்து மலாய் மக்கள் 'பத்து லிந்தார்', அதாவது இடிக்கல் என்றார்கள். இடியோடு வானத்திலிருந்து விழுந்ததாம். பேராக், சிலாங்கூர், பஹாங் பகுதிகளில் கிடைத்த பழைய இரும்பு ஆயுதங்களுக்கோ 'துலாங் மாவாஸ்' என்று பெயர். மாவாஸ் என்றொரு காட்டு மனிதக் குரங்கு, அதன் முன்கை இரும்பு, செத்தபின் மிஞ்சிய எலும்பு இது என்பது கதை. கேட்கச் சுவைதான். ஆனால் உழைத்த தச்சனின் பெயரைக் குரங்கு தட்டிக்கொண்டு போய்விட்டதே!

1857இல் கெய் தீவுகளுக்குப் போன வாலஸ் என்னும் ஆங்கில அறிஞர், அங்குள்ளவர்கள் கோடரி, வாய்ச்சி, துளைக்கருவி இவற்றை வைத்துக்கொண்டே ஆணியில்லாப் படகு கட்டுவதைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். ஐரோப்பியத் தச்சர்கூட அதைவிட நெருக்கமாகப் பலகையைப் பொருத்த முடியாதென்பது அவர் தீர்ப்பு.

நம்மவருக்கும் தைத்த படகு புதிதல்ல. சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன், கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் மூட்டையையும் சுமந்தது மசூலாப் படகு. அதைத் தென்னை நாரால் தைத்தார்கள். அந்த அலையில் ஆணியடித்த படகு மோதினால் விண்டுபோகும். மசூலா நெளிந்து கொடுத்துக் கரையேறும்.