கைப்பேசியும் மூளைப் புற்றுநோய் ஐயமும்

கைப்பேசியால் மூளையில் கட்டி வருமோ என்ற அச்சம் பரவலானது 1993இல். தம் மனைவியின் சாவுக்கு அவர் பயன்படுத்திய கைப்பேசியே காரணம் என்று புளோரிடாக்காரர் ஒருவர் வழக்குத் தொடுத்து, அந்த ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் பேசினார். வழக்கு 1995இல் தள்ளுபடியானது, அச்சமோ நிலைத்துவிட்டது. கைப்பேசி வெளியிடும் ரேடியோ அலைக்கு, எக்ஸ் கதிரைப் போல டி.என்.ஏ. பிணைப்பை உடைக்கும் ஆற்றல் கிடையாது. ஐயமின்றி நிறுவப்பட்ட விளைவு, திசு சிறிதளவு சூடாவதுதான். ஆனால் அறியப்படாத வேறு வழி இருக்கலாமே என்ற கேள்விக்கு இயற்பியல் மட்டும் விடை தராது. மனிதர்களிடம்தான் தேட வேண்டும். அங்கேதான் சிக்கல்: ஒருவர் பத்தாண்டுகளில் எத்தனை மணி நேரம் பேசினார் என்பதை எப்படி அளப்பது?

13 நாடுகளில் நடந்த இன்டர்ஃபோன் ஆய்வு, மூளைக்கட்டி வந்தவர்களையும் வராதவர்களையும் கேட்டே கணக்கெடுத்தது. 2010இல் வெளியான முடிவுகளின்படி, மொத்தம் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியவர்களிடம் கிளியோமா என்னும் கட்டியின் வாய்ப்பு 40 விழுக்காடு கூடுதல். இந்த எண்ணே உலகெங்கும் தலைப்பானது. அதே ஆய்வில் சாதாரணப் பயனாளர்களுக்கு, பயன்படுத்தாதவர்களைவிட 19 விழுக்காடு குறைவாக இருந்தது ஏனோ பேசப்படவில்லை. கைப்பேசி மூளையைக் காக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அப்படியானால் கணக்கெடுப்பிலேயே ஒரு சாய்வு இருந்திருக்கிறது. நாள்தோறும் 12 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சிலர் சொல்லியிருந்தார்கள். தொலைபேசி நிறுவனப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, பின்னோக்கிப் போகப்போக நோயாளிகளின் நினைவு பேச்சு நேரத்தை மிகைப்படுத்தியது தெரிந்தது. கொடிய நோய் வந்தவர் காரணத்தைத் தேடுவது இயல்பு. அதைப் பொய் என்று சொல்லக்கூடாது.

2011 மே மாதம், உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடியோ அலைகளை '2பி' பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வரிசையில் வைத்தது. அந்தப் பிரிவு சொல்வது சான்றின் வலிமையை. ஆபத்தின் அளவை அல்ல. இதைப் பிரித்துச் சொல்லாததால் விளைந்த குழப்பம் பெரிது.

நினைவை நம்பாத ஆய்வுகள் வேறு விடை தந்தன. டென்மார்க்கில் நான்கு லட்சத்துக்கும் அதிகமான சந்தாதாரர்களைப் பதிவேடுகள் வழியே தொடர்ந்தபோது கட்டிகள் பெருகவில்லை. அலுவலகக் கைப்பேசி வைத்திருந்தவர்கள் அதில் பயன்படுத்தாதவர்களோடு சேர்க்கப்பட்டார்கள் என்ற குறை நியாயமானதே. அந்தக் குறையைக் களைய, ஐரோப்பாவின் காஸ்மாஸ் ஆய்வு 2,64,574 பேரிடம் நோய் வருமுன்பே பழக்கத்தைக் கேட்டு, நிறுவனப் பதிவுகளாலும் திருத்திக்கொண்டது. 2024இல் வெளியான அதன் முடிவில், மிக அதிகம் பேசியவர்களிடமும் கிளியோமா கூடவில்லை. புற்றுநோய் தலைகாட்டப் பல பத்தாண்டுகள் ஆகுமே என்பது வலுவான மறுப்பு. ஆனால் நார்டிக் நாடுகளில் 1979 முதல் 2016 வரையிலான புற்றுநோய்ப் பதிவேடுகளில், ஆண்களிடம் கைப்பேசிப் பரவலோடு சேர்ந்து கிளியோமா உயரவில்லை. 2018இல் அமெரிக்க ஆய்வில் ஆண் எலிகளின் இதயத்தில் கட்டிகள் தோன்றியதையும் ஒதுக்கிவிட முடியாது. எனினும் அவற்றின் உடல் முழுவதும் நாளுக்கு 9 மணி நேரம் கதிர்வீச்சு பாய்ச்சப்பட்டது, அந்த எலிகள் மற்றவற்றைவிட நீண்ட நாள் வாழவும் செய்தன. இளையோரைப் பற்றிய கவலையைப் பொறுத்தவரை, இந்தியா உட்பட 14 நாடுகளில் 10 முதல் 24 வயதினரை ஆராய்ந்த மோபி-கிட்ஸ் ஆய்வும் ஆபத்து கூடியதாகக் காணவில்லை. ஆனால் அதுவும் கேட்டறிந்த ஆய்வே. சிறு வயதில் தொடங்கி வாழ்நாள் முழுதும் பயன்படுத்தும் தலைமுறைக்கு இன்னும் முதுமை வரவில்லை.